என் கைகளுக்கு வந்த அழைப்பு

குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு எட்டாவது மாதம். பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னார். ஒரு துணியில் சுற்றி என் கணவர் கையில் கொடுத்தார்கள். "பாக்காத. பாத்தா மறக்க முடியாது" என்றார் என் அம்மா. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடக்கம் முடிந்து தலைக்குக் குளித்துவிட்டு என் கணவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தபோது நான் காப்பி கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

சாரம் பகுதியில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் ஜாக்கெட் தைத்துக்கொடுப்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாளில், பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி தன் மகளின் வளைகாப்புக்குப் பட்டு ஜாக்கெட் தைக்கத் துணி கொண்டுவந்தாள். அளவெல்லாம் எடுத்துவிட்டு, மறுநாள் நானே போய்த் துணியைத் திருப்பிக் கொடுத்தேன். "ஏங்கா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. நானேதான் ஒதுங்கினேன்.

நீ தொட்டது தங்காது. இந்த ஒரு வாக்கியம்தான். பால் காயும்போது வரும், துணி அலசும்போது வரும். அது என் குரலிலேயே வந்ததால் அதை நான் சந்தேகப்படவில்லை. கடிகாரம் காட்டும் மணியை நம்புவது போல அதை நம்பினேன். அடுத்த வீட்டுக் குழந்தை தத்தித் தத்தி வாசலுக்கு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன். தையல் மிஷின்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. என் கணவர் ஸ்கூட்டரை எடுத்துவிட்டு வாசலில் நிற்பார், நான் ஏறிக்கொள்வேன். இறை அழைத்தல் ஞாயிறன்று சாமியார், ஒவ்வொருவரையும் கடவுள் ஒரு காரியத்துக்காகக் கூப்பிடுகிறார் என்று பிரசங்கம் வைத்தார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் சாமியாராகக் குருமடத்துக்குப் போகிறவர்களுக்கும் கன்னியாஸ்திரிகளுக்கும் சொல்வது. என்னைக் கூப்பிடக் கடவுளுக்கு என்ன இருக்கிறது?

எங்கள் எதிர்வீட்டு அம்மா, பிரெஞ்சு அரசாங்கத்திடம் பென்ஷன் வாங்கியவரின் மனைவி. அவருடைய பிள்ளைகள் பிரான்சில். வேலைக்காரப் பெண் ஒருத்தியின் துணையோடு இருந்தார். ஒரு நாள் மத்தியானம் எங்கள் சர்ச்சின் கன்னியாஸ்திரி, பங்கு சிஸ்டர், எங்கள் வீட்டுக்கு வந்து, அந்த அம்மா காலையில் இறந்துவிட்டதாகச் சொன்னார். மகள் விமானம் ஏறிவிட்டாள். அவள் வரும்வரை உடம்பை வைக்க ஃப்ரீசர் பெட்டி சீக்கிரம் வந்துவிடும். அதற்கு முன் குளிப்பாட்டிப் புடவை கட்ட ஆள் இல்லை.

"அந்தப் பொண்ணு கிட்டவே வர மாட்டேங்குது. ரெண்டு வீட்ல கேட்டுட்டேன். நீ வரியாம்மா?"

"நானா சிஸ்டர்? என் கை..."

"ஒன் கைக்கு இன்னா?"

அப்போது ஒன்று தோன்றியது. என் கை பட்டு இனிமேல் எதுவும் ஆக முடியாத ஒரு ஆள் அங்கே படுத்திருக்கிறார். அந்த நினைப்பில்தான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தைரியத்தினாலோ விசுவாசத்தினாலோ அல்ல.

சிஸ்டர் குழாயில் தண்ணீர் பிடித்துவைத்திருந்தார். நான் என்னை அறியாமலே அடுப்பில் வெந்நீர் வைத்து விளாவினேன். சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டுத் தன் வாளியை ஒதுக்கிவைத்தார். அந்த அம்மா தனக்கென்று எடுத்துவைத்திருந்த பட்டுப்புடவையின் ஜாக்கெட் சிறியது. கைகளும் விறைத்துவிட்டன. வீட்டுக்குப் போய்க் கத்தரியும் ஊசிநூலும் எடுத்துவந்தேன். ஜாக்கெட்டை முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை வெட்டி, முன்பக்கமாகப் போட்டு, ஓரங்களைப் பின்னால் செருகி, நடுவில் இடைவெளி விட்டு நூலால் இழுத்துப் பிணைத்தேன். விரல்களில் செபமாலையைச் சுற்றினேன்.

மறுநாள் மகள் வந்து பெட்டியருகில் வெகுநேரம் நின்றாள். பிறகு என்னைத் தேடி வந்தாள். "அம்மாவுக்கு அந்த ஜாக்கெட் பத்தாதே. எப்டிப் போட்டீங்க?" சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், அவள் விடவில்லை.

அதிலிருந்து சிஸ்டர் கூப்பிடுவார், நான் போவேன். சொந்தக்காரர்களுக்கு அழுகை வரும், கை ஓடாது. எனக்கு எதுவும் வராது, அதனால் வேலை நடக்கும். எனக்குள் செத்துப்போனது என்று நான் நினைத்த இடத்தை யாரோ பயன்படுத்திக்கொள்வது போல இருந்தது. "ஆண்டவரே, இதுக்குத்தானா?" என்று ஒருநாள் பூசையில் கேட்டேன். நீ தொட்டது தங்காது என்ற அந்த வாக்கியம்தான் விடவில்லை. பார், உன்னைச் சாவுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புதிதாகச் சொல்லத் தொடங்கியது.

பிறகு பிள்ளைச்சாவடி என்ற கடற்கரை ஊரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. எங்களைப் போல வேதக்காரர்கள் அல்ல, சிஸ்டரின் மருந்தகத்துக்கு வந்துபோகிற மீனவர் குடும்பம். போனில் சிஸ்டர் தயங்கினார்.

"கொழந்தைம்மா. பொறந்த மறுநாளே போயிடுச்சி. நீ வாணாம்னா வாணாம், நான் பாத்துக்கறேன்."

"இன்னா சைசு இருக்கும் சிஸ்டர்?"

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மிஷின்மேல் கிடந்த போர்வையை எடுத்தேன். வெள்ளைப் பருத்தித் துணியில் என் கையளவை வைத்து வெட்டி ஒரு சட்டை தைத்தேன். மிஷின் எண்ணெயில்லாமல் கத்தியது. என் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார்.

ஆண் குழந்தை. தலை நிறைய முடி. நகங்கள்கூட முழுசாக இருந்தன. என் குழந்தையிடம் நான் பார்க்காததையெல்லாம் இங்கே பார்த்தேன். வெந்நீரில் துணி நனைத்து முகத்தைத் துடைக்கும்போது அந்த வாக்கியம் மறுபடி ஆரம்பித்தது. முதல்முறையாக அதற்குப் பதில் சொன்னேன். 'அப்புறம் பேசிக்கலாம். இப்ப என்னக் கூப்ட்டிருக்காங்க.' வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அது நின்றுவிட்டது.

சட்டை போட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். அதன் தாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுடைய மாமியார் வாசலை மறித்தார்.

"காட்டாதம்மா. பாத்தா மறக்க மாட்டா."

"மறக்க வாணாம்மா. நான் என் கொழந்தையப் பாக்கல. எனக்கு மறக்கல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு விலகி வழிவிட்டார்.

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். நெற்றியைத் தடவினாள், காதைத் தடவினாள். "நீங்க தெச்சதாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "கை கொஞ்சம் பெருசா கீது" என்று சொல்லி, சட்டையின் கையை இரண்டு பக்கமும் அழகாக மடித்துவிட்டாள்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் என் கணவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"நம்ம கொழந்தைக்கு முடி இருந்துச்சா?"

அவர் வண்டியை ஓரம் கட்டினார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"நெறைய இருந்துச்சி" என்றார். "நெத்தி ஒன்னுது."

இத்தனை நாளும் நான் கேட்பதற்காக அவர் காத்திருந்திருக்கிறார். ஹேண்டில்மேல் தலையைக் கவிழ்த்து அழுதார். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. ஆனால் அவர் முதுகில் கையை வைத்தேன், எடுக்காமல் வைத்திருந்தேன்.

அழைத்தல் என்றால் உள்ளே ஏதோ பற்றி எரியும் என்று நினைத்திருந்தேன். எனக்கு எதுவும் எரியவில்லை. ஒரு போன் வரும், ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவேன், அவ்வளவுதான். இருந்தும் கூப்பிடுவது சிஸ்டர் மட்டும் இல்லை என்று அந்தப் பிள்ளைச்சாவடி வீட்டுக்குப் பிறகு நம்புகிறேன். அந்த வாக்கியம் இன்றும் சில காலைகளில் வருகிறது. 'என் கை எப்படிப்பட்டதென்று கூப்பிட்டவருக்குத் தெரியும், தெரிந்துதான் கூப்பிட்டார்' என்று சொல்வேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடும். மறுபடியும் தைக்கிறேன். வளைகாப்பு ஜாக்கெட்டும் தைக்கிறேன்.

போன வாரம் சிஸ்டர் கேட்டார், "இன்னும் அழுவ வரலியாம்மா? அதுக்காக வேண்டிக்கட்டுமா?"

"வரும்போது வரட்டும் சிஸ்டர்" என்றேன்.

மூலக்குளத்தில் ஒரு சாவு வீட்டில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். கிளம்பினோம்.