ஐம்பத்தைந்து நிமிஷத்தில் மதுரை

விமானம் என்று யாராவது பெருமையாக வாயெடுத்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குக் கூடப்பிறந்தது ஒரே அண்ணன். மெட்ராஸில் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் எனக்குக் கல்யாணம். அப்பா இல்லை. தாலி ஏறியதும் அக்கினியில் இடுவதற்கு என் கையில் பொரி போட வேண்டியவன் அவன்தான். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"மொத நாளே செங்கோட்டை ரயில்ல ஏறிருண்ணே. காலையில ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன்லயே எறங்கிக்கிடலாம்" என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து படித்துப் படித்துச் சொன்னேன்.

"ராத்திரி பூரா எவன் குலுங்குறது? ஃப்ளைட்ல வாரேன்ட்டி. நேரா பறந்தா நானூறு சொச்சம் கிலோமீட்டர், அம்பத்தஞ்சு நிமிஷம். எட்டு மணிக்கு மதுரை, ஒம்போதுக்கு மண்டபம்."

எங்கள் ராஜபாளையத்து மில் முதலாளிகள் பேசுகிற பேச்சு அது. அவர்களுக்கு ஏர்போர்ட் வாசலில் டிரைவரோடு கார் நிற்கும். இவனுக்கு எவன் கார் வைத்துக்கொண்டு நிற்கிறான்? மதுரையில் இறங்கிவிட்டால் மண்டபத்தில் இறங்கின மாதிரியா? அதற்கப்புறம் எழுபது கிலோமீட்டருக்கு மேல் கிடக்கிறதே! நான் கேட்டதற்கு, "ஏட்டி, அபசகுனமா பேசாத" என்று அம்மா என் வாயை அடைத்தாள். "எம்பிள்ளை ஃப்ளைட்ல வாரான்" என்று தெரு முழுக்கத் தண்டோரா போடாத குறை.

ஒன்பதரைக்குத் தாலி ஏறியது. "பொண்ணோட அண்ணன் எங்க?" என்றார் ஐயர்.

"செத்த நேரம் பொறுங்க சாமி, மதுரைக்கு வந்துட்டான்" என்றாள் அம்மா. பத்தேகால் வரை பொறுத்தார்கள். முகூர்த்தம் முடியப்போகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். கடைசியில், சாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த பெரியப்பா மகன் பொரி போட்டார். புகையில் கண் எரிகிறது என்று சொல்லிக்கொண்டு அழுதேன்.

பதினொன்றரைக்கு, பந்தி நடக்கும்போது, எங்கள் ஃப்ளைட் துரை வந்து சேர்ந்தார். டாக்சி கிடைக்காமல் இரண்டு பஸ் மாறி வந்தானாம். வந்தவன் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டானா?

"ஃப்ளைட்டு கரெக்ட் டைம்மா! அம்பத்தஞ்சே நிமிஷம். பஸ்காரன்தான் கெடுத்துட்டான்."

பிறகு போட்டோக்காரரைக் கூப்பிட்டான். "நான் பொரி போடுற மாதிரி ஒண்ணு எடுத்துருங்க. ஆல்பத்துல யாருக்குத் தெரியப்போவுது?"

"நில்லுடி, நாலு பேரு பாக்காக" என்று அம்மா கெஞ்சினாள். நின்றேன். அவன் சிரித்துக்கொண்டே பொரியை அள்ளிப் போட்டான். நான் கையை விரிக்கவில்லை. அத்தனையும் தரையில் கொட்டியது.

அந்தப் போட்டோ வேண்டாம் என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். ஆல்பத்தின் முதல் பக்கத்திலேயே ஒட்டினேன்.