மாப்பிள்ளை வந்த றோட்டு

யாழ்ப்பாணத்து வலிகாமத்துக்குள் இறங்கிய இலங்கைப் படை எந்த வழியால் வருகிறது என்பதை லண்டனில் முதலில் கண்டுபிடித்தவர், கோலியர்ஸ் வுட்டில் பெற்றோல் நிலையக் கவுண்டரில் நிற்கும் குலசேகரம்தான். ஆய்வாளர்கள் எல்லாம் பத்திரிகைகளில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்த அந்தத் தொண்ணூற்றைந்து ஐப்பசியில், அம்புக்குறியைவிடத் திறமான சாமான் ஒன்று அவரிடம் இருந்தது. மச்சாளின் கலியாண வீடியோ.

குலசேகரத்தின் வரலாறு பெரிதில்லை. நீர்வேலியில் தவநாயகியைக் கலியாணம் முடித்தார். தாலியின் மஞ்சள் காயுமுன் எண்பத்தெட்டில் லண்டனுக்கு வந்தார். வரும்போது, "ஆறு மாதத்தில கூப்பிடுவன்" என்றார். விசா அலுவலில் ஆறு மாதம் என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது. அது ஏழு வருடமாக நீண்டது. இதற்கிடையில் தவநாயகியின் தங்கை சிவகௌரிக்கு அச்சுவேலியில் மாப்பிள்ளை பொருந்தி, கலியாணம் நடந்து, பொம்பிளை மாப்பிள்ளை இருவருமே கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். குலசேகரத்துக்கு மிஞ்சியது அந்தக் கலியாண வீடியோவின் ஒரு கொப்பி மட்டும்.

வீடியோக்காரர் புதிதாகத் தொழில் தொடங்கியவர். மாப்பிள்ளைக் காருக்கு முன்னால் போன வானின் பின்கதவைத் திறந்துவிட்டு, அதில் குந்தியிருந்து, அச்சுவேலியிலிருந்து நீர்வேலிவரை ஒரு மதகையும் விடாமல் எடுத்துத் தள்ளியிருந்தார். மாப்பிள்ளையின் முகத்தைக் காண்பது அருமை. றோட்டு முழுக்க இருக்கிறது. அச்சுவேலிச் சந்தி, ஆவரங்கால், புத்தூர், சிறுப்பிட்டி, கடைசியில் நீர்வேலி வாழைத்தோட்டங்கள், ஒழுங்கை, பந்தல், படலை. வாசல் படலையில், மாப்பிள்ளையை வரவேற்கும் ஆலாத்தித் தட்டோடு தவநாயகி. கமராவைக் கண்டதும் வெட்கப்பட்டு, தட்டைச் சற்று உயர்த்தி முகத்தை மறைத்து, பிறகு மறைக்காமல் விடுகிறாள். குலசேகரத்திடம் இருந்த அசையும் மனைவி அவ்வளவுதான்.

படை வடக்கேயிருந்து அதே றோட்டால்தான் இறங்குகிறது என்று வானொலி சொன்ன நாள் தொடக்கம், குலசேகரத்தின் மேல்மாடி அறையில் சனம் சேரத் தொடங்கியது. பின்னேரச் செய்தி முடிந்ததும், அறிவித்த இடம்வரை வீடியோவை ஓட்டி அங்கே நிறுத்துவார். மாப்பிள்ளைக் காரின் மூக்கு எங்கே நிற்கிறதோ அங்கே ஆமி நிற்கிறது. யார் வீடு அந்தப் பக்கம், யார் வீடு இந்தப் பக்கம் என்று அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் போனது றோஸ்மலரின் வீடு. காலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் றோஸ்மலருக்கு அச்சுவேலிச் சந்தி. மாதா சொரூபம் வைத்த மதில் ஒரு கணம் திரையில் வந்து போனது.

"அண்ணை, ஒருக்கா நிப்பாட்டுங்கோ. உது எங்கட மதில்."

"ஆக்கள் எங்க இப்ப?"

"சைக்கிளில வெளிக்கிட்டிட்டினமாம். மாதாவை மட்டும் காவலுக்கு விட்டிட்டினம்."

டூட்டிங்கில் மீன் வெட்டும் யோகலிங்கம் அந்த அறையின் படைத்தளபதி. ஊர் ஆவரங்கால். அச்சுவேலி போனபோது அவர் சிரித்தார்.

"பயப்பிடாதை குலம். இயக்கம் உள்ளுக்கு வரவிட்டு அடிக்கிற பிளான் உது."

அடுத்து அவருடைய ஆவரங்காலே போனது. தமக்கை குடும்பம் எங்கே என்று தெரியவில்லை. அப்போதும் அதையேதான் சொன்னார், சிரிப்பை மட்டும் விட்டுவிட்டு.

"இன்னும் எவ்வளவு உள்ளுக்கு வரவேணும் யோகலிங்கம் அண்ணை?" என்று றோஸ்மலர் கேட்டாள். "கோலியர்ஸ் வுட் ஸ்டேசன் மட்டுமோ?"

யோகலிங்கம் தேத்தண்ணீரைக் குடித்தார்.

இந்த இடத்தில் எவரும் கேட்கக்கூடிய கேள்வி: தவநாயகி ஏன் இன்னும் நீர்வேலியில்? ஏழு வருடத்துக்குப் பிறகு ஸ்பொன்சர் சரிவந்து, ஆவணியிலேயே கடுதாசிகள் அவள் கையில் கிடைத்திருந்தன. அவற்றோடு கொழும்புக்குப் போய் விசா எடுக்க வேண்டியதுதான். அவள் பெட்டியும் கட்டிவிட்டாள். மறித்தது குலசேகரம். தவநாயகி வருடாவருடம் கேதாரகௌரி விரதம் பிடிக்கிறவள், புருசனோடு போய்ச் சேரவேண்டும் என்று. இவ்வளவு காலம் பிடித்துவிட்டுக் கடைசி வருடம் முறித்தால் கௌரியம்மன் என்ன நினைப்பா? ஊருக்குப் போன ஒருவரிடம் சொல்லி அனுப்பினார்: "அவசரப்பட வேண்டாம். விரதம் முடிச்சு, காப்புக் கட்டிப்போட்டு ஆறுதலா வெளிக்கிடு."

சொல்லி அனுப்பிய மனுசன் ஷிப்டில் பொரித்த கோழி சாப்பிடுகிறவர். விரதத்தைத் தொலைவில் இருக்கும் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டால் இங்கே கோழிக்குத் தடையில்லை. தெய்வத்தோடு இப்படி ஓர் உடன்பாடு லண்டனில் பல வீடுகளில் உண்டு. ஆனால் விரதம் முடித்துக் கையில் காப்பு நூல் கட்டும் தீபாவளிக்குச் சில நாள் இருக்கத்தான் படை வெளிக்கிட்டது.

புத்தூர்ச் சந்தியில் வீடியோ நின்றபோது இன்னொரு சிக்கல் வந்தது. அந்த வீடியோ டெக் ஞாயிறு மலிவுச் சந்தையில் வாங்கியது. படத்தை நிறுத்தி வைத்தால் கொஞ்ச நேரம் பொறுக்கும். பிறகு வீடியோ நாடா தேய்ந்துவிடும் என்று தானாகவே ஓடத் தொடங்கும். எல்லோரும் பேச்சில் இருக்க, மாப்பிள்ளைக் கார் புத்தூரைவிட்டு மெல்ல நகர்ந்து சிறுப்பிட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ அண்ணை, நிப்பாட்டுங்கோ!" றோஸ்மலர் கத்தினாள். "நீங்களே ஆமியைக் கூட்டிக்கொண்டு போறியள்!"

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், குலசேகரமும் சிரித்தார். ஆனால் அடுத்த நாள் செய்தியில் சிறுப்பிட்டி என்றார்கள். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் தொடக்கம் குலசேகரம் வேலைக்குப் போகவில்லை. சிறுப்பிட்டி கடந்து ஒரு மதகு வரும். அந்த மதகில் காரை நிறுத்திவிட்டு, டெக்குக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்தார். கார் அசையத் தொடங்கினால் அழுத்துவார், நிற்கும். பிறகு அசையும், பிறகு அழுத்துவார். பெற்றோல் நிலைய மனேச்சர் போன் எடுத்தபோது, "கான்ட் லீவ், சேர். ரோட் ப்ராப்ளம்" என்றார். மனேச்சர் லண்டன் றோட்டு ஏதோ மறிபட்டுக் கிடக்கிறது என்று எண்ணி அனுதாபப்பட்டார்.

யோகலிங்கம் சோற்றுப் பார்சலோடு வந்து பார்த்தார்.

"உனக்கென்ன விசரே குலம்? இந்தப் பெட்டியை அமத்தினா அங்க டாங்கி நிக்குமோ?"

"நிக்காது எண்டு எனக்கும் தெரியும்."

"பிறகேன் அமத்துறாய்?"

"அமத்தாமல் விட ஏலாமல் கிடக்கு."

யோகலிங்கம் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் இருந்தார். "நீ சாப்பிடு. அதுவரைக்கும் நான் அமத்துறன்" என்றார். உள்ளுக்கு வரவிட்டு அடிக்கிற தளபதி, மதகடியில் காவல் இருந்தார்.

இரண்டு பேர் காவல் இருந்தும் மதகு நிற்கவில்லை. நீர்வேலி என்று வானொலி சொன்ன பின்னேரம் குலசேகரத்தின் அறைக்கு ஒருவரும் வரவில்லை. நீர்வேலிதான் அவருடைய வீடு என்று எல்லோருக்கும் தெரியும். இப்படியான நேரத்தில் போய் எதைக் கதைக்கிறது? கதைக்க வராதவர்களுக்குள் யோகலிங்கமும் ஒருவர்.

அதன்பின் வந்த செய்தியை நம்பவே நாள் பிடித்தது. ஊரையே வெளிக்கிடச் சொல்லி இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்ததாம். கொட்டும் மழைக்குள் முழுச் சனமும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடக்குதாம். லண்டனில் கூட்டம் போட்டார்கள். அதை வெற்றி என்றவர்களும் உண்டு, அழிவு என்றவர்களும் உண்டு. வடை இரண்டு பக்கத்துக்கும் ஒரே கடையிலிருந்துதான் வந்தது.

குலசேகரம் ஒரு கூட்டத்துக்கும் போகவில்லை. றோஸ்மலர் பார்க்க வந்தபோது திரையைக் காட்டினார்.

"பிள்ளை, இதில றோட்டு எங்கட படலையோட முடியுது. கோப்பாய் இல்லை, நல்லூர் இல்லை, பாலம் இல்லை. அவள் போன றோட்டு என்னட்டை இல்லை."

சில கிழமை கழித்து, ஒரு காலையில், அவளேதான் செய்தியும் கொண்டு வந்தாள். நீர்வேலியில் தவநாயகிக்குப் பக்கத்து வீட்டுப் பாலாம்பிகை தென்மராட்சியில் மீசாலைப் பள்ளிக்கூடத்தில் அகதியாக இருக்கிறா. அவ சொன்னது வவுனியா வந்து, கொழும்பு வந்து, றோஸ்மலரின் போனுக்கு வந்திருக்கிறது. றோஸ்மலர் வேலை உடுப்போடு, கோட்டையும் கழற்றாமல் நின்று சொன்னாள்.

"தவநாயகி அக்கா அவையளோடதான் வெளிக்கிட்டவவாம். பாலத்தடிமட்டும் ஒண்டாத்தான் வந்தவையாம்."

"பிறகு?"

"காப்புக் கட்டிப்போட்டன் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ எண்டவவாம்."

"பிறகு, பிள்ளை?"

றோஸ்மலர் ஜன்னலைப் பார்த்தாள். "ஸ்பொன்சர் கடுதாசியள் வீட்டில விடுபட்டுப் போச்சாம் அண்ணை. அது இல்லாமல் அவரிட்டை எப்பிடிப் போறது எண்டு சொல்லிப்போட்டு, சனத்துக்குள்ளால திரும்பிப் போனவவாம். போகாதை எண்டு பாலாம்பிகை அக்கா கையைப் பிடிச்சவவாம். மழை, சனம்... கை வழுக்கிப் போச்சாம்."

"திரும்பியெண்டா? நீர்வேலிக்கோ?"

"ஓம்."

"அங்கதானே ஆமி நிக்குது."

கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தம்போட்டுக்கொண்டு போனார்கள்.

குலசேகரம் டெக்கைத் தட்டினார். மதகடியில் விட்டுவைத்த கார், நாட்கணக்காய்த் தேய்ந்த இடத்தில் வெள்ளைக் கோடாக நடுங்கி, பிறகு தெளிந்து ஓடியது. வாழைத்தோட்டம், ஒழுங்கை, பந்தல். படலையில் தவநாயகி. தட்டை உயர்த்தி மறைத்தாள், மறைக்காமல் விட்டாள்.

பிறகு அவர் என்ன நினைத்தாரோ, பின்னுக்கு ஓடவிடும் பொத்தானை அழுத்தினார். கார் பின்பக்கமாகப் போனது. ஒழுங்கையால், வாழைகளுக்குள்ளால், மதகு கடந்து, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால் என்று வந்த வழியே முழு ஊர்வலமும் பின்வாங்கியது. மாதாவின் மதில்வரை போய்விட்டது.

"பாருங்கோ அண்ணை, எல்லாரும் திரும்பிப் போகினம்!" றோஸ்மலருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இன்னொருக்காப் போடுங்கோ."

அவர் திரும்பவும் படலைவரை ஓட்டிவந்து, மீண்டும் பின்னுக்கு விட்டார். இந்தமுறை அவர் றோட்டைப் பார்க்கவில்லை. தவநாயகியைத்தான் பார்த்தார். முதல்தரம் கண்ணில் படாதது இப்போது பட்டது. கார் போவதற்கு முன்பே, தட்டை ஏந்தியபடி, முகம் வெளியே பார்த்தபடி, அவள் பின்பக்கமாக நடந்து போகிறாள். படலையைவிட்டு, முற்றம் கடந்து, படியேறி, வீட்டுக்குள்.

"உள்ளுக்குப் போகாதை," என்றார் குலசேகரம்.

கதவிருட்டு அவளை விழுங்கியது.

"போகாதையப்பா, வெளிய வா!" அவர் பொத்தானை மாற்றி அழுத்தினார். தவநாயகி வெளியே வந்தாள். படலையில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் நின்றாள். டெக் தானாக ஓடத் தொடங்கியது. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முன்பக்கமாக நடந்து வீட்டுக்குள் போனாள். பின்னுக்கு விட்டாலும் வீடு. முன்னுக்கு விட்டாலும் வீடு.

அவர் திரும்பப் படலைக்குக் கொண்டுவந்து அழுத்திப் பிடித்தார்.

றோஸ்மலர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். அவருக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"விரலை எடுங்கோ அண்ணை. நான் பிடிக்கிறன்."

"பார்த்துப் பிடி, பிள்ளை," என்றார் குலசேகரம். "உள்ளுக்கு விட்டிடாதை."