தையல்காரன் வாங்கிய ஆர்கேட் ஸ்டிக்

முப்பது வருஷமாக ஊரார் இடுப்பை அளந்து பிழைக்கிறவன் நான். டேப்புக்கு முன்னால் நேர்மையாக நின்ற ஒருவரைக்கூட இதுவரை பார்த்ததில்லை. வயிற்றை எக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, “முப்பத்திரண்டு இருக்கும் மாஸ்டர்” என்பார்கள். “முப்பத்திரண்டேதான் சார்” என்று நானும் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வேன். சீட்டில் முப்பத்தைந்து என்று எழுதிக்கொள்வேன். பேன்ட் கச்சிதமாகப் பொருந்தும். “பார்த்தீங்களா, நான் சொன்ன அளவு” என்று பெருமையோடு போவார்கள். அவர்கள் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்து சிரிப்பேன். அப்படிச் சிரித்த நான், என் கைக்கு அளவு கொடுத்து ஒரு பொருள் செய்யச் சொன்னபோது என்ன செய்தேன் தெரியுமா? கூசாமல் அதே பொய்யைச் சொன்னேன்.

அந்தப் பொருள் ஓர் ஆர்கேட் ஸ்டிக். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மடியில் வைத்துக்கொள்கிற அகலத்தில் ஒரு பெட்டி. இடது பக்கம் தலையில் உருண்டை வைத்த ஒரு லிவர், வலது பக்கம் எட்டு பட்டன். வீடியோ கேமில் சண்டை போடுகிறவர்களுக்கான ஆயுதம். ஐம்பத்திரண்டு வயதில், சர்க்கரை மாத்திரையும் மூக்குக்கண்ணாடியுமாக இருக்கிற ஒருவனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரியும் கேட்டாள். அவள் கேட்ட விதத்தை அச்சில் போட முடியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மகள். வாய் ஓயாமல் இரைந்துகொண்டே இருந்ததால் சின்ன வயதில் அவளுக்குச் சில்வண்டு என்று பேர் வைத்தேன். அவளுக்குப் பத்து வயதானபோது அழுது அடம்பிடித்து டிவியில் மாட்டி விளையாடுகிற ஒரு பழைய கன்சோல் வாங்க வைத்தாள். ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க உட்கார்ந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. ஒரு சண்டை விளையாட்டு. என் ஆள் ஒரு மொட்டைத்தலை மல்லன். அவள் ஆள் குடையைச் சுழற்றிக்கொண்டு பறக்கிற ஒரு பெண். அன்று முதல் இன்று வரை அந்தக் குடைக்காரி என் மொட்டையின் கண்ணில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

போன வருஷம் சில்வண்டுக்கு வேலை கிடைத்தது. ரயிலில் பத்து மணி நேரம் போகவேண்டிய ஊர். வீட்டில் சத்தம் போய்விட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி எங்களுடையது. நான் கூடத்தில் டிவி முன்னால், அவள் தன் அறையில் லேப்டாப் முன்னால், இரண்டு பேர் காதிலும் ஹெட்செட். ஒரு மணி நேரம் அடித்துக்கொள்வோம். நான் கையால் ஆடியதைவிட வாயால் ஆடியதுதான் அதிகம். “ஏய் எருமை, குடையை மடக்குடி! பெத்தவனை இப்படியா மிதிப்ப?” என்று நான் கத்துகிற கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொள்ளும்.

மற்ற நாட்களில் எங்கள் உறவு என்ன லட்சணம் என்றால், அவள் அம்மாவோடு அரை மணி நேரம் பேசுவாள். கடைசியில் போன் என்னிடம் வரும். நான் தொண்டையைச் செருமிக்கொள்வேன்.

“நல்லா இருக்கியா?”

“இருக்கேன்பா.”

“சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்.”

அவ்வளவுதான். பெற்ற பிள்ளையோடு போனில் பேசத் தெரியாத ஜென்மம் நான். அந்த ஞாயிறு ஒரு மணி நேரத்தைத் தவிர எனக்கு அவளிடம் வேறு வழி கிடையாது.

அப்படியிருக்க, ஒரு ஞாயிறு ஆட்டத்துக்கு நடுவே அவள் கொட்டாவி விட்டாள். ஹெட்செட்டில் காது கிழிகிற மாதிரி கேட்டது. அடுத்த வாரமும் இரண்டு கொட்டாவி. “பார்த்துச் சொல்றேன்பா, அடுத்த வாரம் முடியுமான்னு தெரியல” என்றாள். ஜெயித்து ஜெயித்து அவளுக்குச் சலித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். தோற்கிறவனோடு எத்தனை நாள் ஆடுவாள்? எனக்கே ஒரே காலரைத் தொடர்ந்து நூறு சட்டைக்குத் தைத்தால் கண் சொக்கும்.

சரி, நான் தோற்பதற்கு யார் காரணம்? நான் இல்லை, என் கட்டைவிரல். மொட்டையின் பெரிய பிடி போட வேண்டுமென்றால் ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டு பட்டனை அழுத்த வேண்டும். கத்தரி பிடித்துப் பிடித்து என் கட்டைவிரல் காய்த்துப் போய்விட்டது. கன்சோலோடு வந்த, இரண்டு கையிலும் பிடித்து ஆடுகிற சின்னக் கருவியில் அந்த விரலால் வட்டம் போட்டால், மொட்டை பிடி போடுவதற்குப் பதிலாகத் துள்ளிக் குதித்து குடைக்குள்ளேயே விழுவான். ஆட்டத்தில் புலியாக இருப்பவர்கள் எல்லாம் அளவு கொடுத்து ஸ்டிக் செய்துகொள்கிறார்கள் என்று தேடியதில் தெரிந்தது. ரகசியமாக ஒன்று வாங்கி, நன்றாகப் பழகி, சில்வண்டை அசத்திவிட வேண்டியதுதான் என்று கிளம்பினேன்.

செய்து தருகிறவர் ஒரு பெண்மணி. மரவேலை, வயர் வேலை இரண்டையும் வீட்டோடு இருக்கும் ஒரு சின்னப் பட்டறையில் தனியாகவே பார்க்கிறவர். முதலில் ஒரு படிவம் அனுப்பினார். கன்சோலுக்கா, கம்ப்யூட்டருக்கா என்று கேட்டிருந்தது. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. இருந்தாலும் இரண்டுக்கும் என்று டிக் போட்டேன். கல்யாணத்துக்குக் கோட்டு தைக்க வந்துவிட்டு, “ஆபீசுக்கும் போட்டுக்கற மாதிரி தைங்க” என்பவர்களை எவ்வளவு கிண்டல் அடித்திருப்பேன்! அடுத்த கேள்வி, ஆட்டத்தில் உங்கள் தரம் என்ன? புதியவர், நடுத்தரம், போட்டி ஆட்டக்காரர். கை தானாகவே மூன்றாவதற்குப் போனது. லிவரின் ஸ்பிரிங் மென்மையா, மிதமா, இறுக்கமா? போட்டி ஆட்டக்காரன் மென்மை என்று சொல்வானா? இறுக்கம். உள்ளங்கை நீளத்திலும் அரை அங்குலம் கூட்டி எழுதினேன். எதற்கு என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது.

இரண்டு நாளில் அவர் போன் செய்தார்.

“சார், எத்தனை வருஷமா ஆடறீங்க?”

“அது ஆச்சுங்க, பதினைஞ்சு வருஷம்.”

“போட்டியில எல்லாம் கலந்துக்குவீங்களா?”

“வாராவாரம் உண்டுங்க” என்றேன். முழுப் பொய் என்று அதைச் சொல்ல முடியாது.

“நல்லதுங்க. ஒண்ணு பண்ணுங்க. கை மட்டும் தெரியற மாதிரி, ஆடும்போது ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. ஒரு நிமிஷம் போதும்.”

மாட்டிக்கொண்டேன். நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரி கையில் செல்போனைக் கொடுத்தேன். பாதியில் அவள் நிறுத்திவிட்டாள்.

“ஏங்க, கையைத்தானே எடுக்கச் சொன்னாங்க? வயித்த எதுக்கு உள்ள இழுக்கறீங்க?”

குனிந்து பார்த்தேன். ஆமாம், இழுத்துக்கொண்டிருந்தேன். அசடு வழிந்தது.

ஆறு வாரம் கழித்துப் பெட்டி வந்தது. பழுப்பு மரம், ஓரமெல்லாம் இழைத்து மழுக்கி, மணிக்கட்டு வைக்கிற இடம் லேசாகச் சரிந்து, கையை வைத்ததும் எடுக்க மனம் வரவில்லை. நல்ல வேலை எது என்று எனக்குத் தெரியும். இது நல்ல வேலை. உள்ளே மடித்து வைத்த ஒரு சீட்டு இருந்தது. “நீங்கள் இறுக்கமான ஸ்பிரிங் கேட்டிருந்தீர்கள். வீடியோவைப் பார்த்து மென்மையானதைப் போட்டிருக்கிறேன். லிவர் வட்டமாகச் சுற்ற வசதியாக உள்ளே வட்டச் சட்டம் வைத்திருக்கிறேன். கை அளவையும் வீடியோவிலிருந்தே எடுத்துக்கொண்டேன். ஒத்துவராவிட்டால் அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன்.”

மூக்கு உடைந்தது. அந்த அம்மாள் என் அளவை வாயால் ஒப்புக்கொண்டு சீட்டில் வேறு எழுதியிருக்கிறார். நான் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்து சிரித்திருப்பார்.

ஆனால் பொருந்தியது! சட்டையின் கைக்குழி வளைவுக்குத் துணியில் சாக்பீஸால் கோடு இழுப்பேன் அல்லவா, அதே அசைவுதான். கை முழுக்கச் சுற்றினால் போதும், கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. கடை திறக்கும் முன் தினமும் ஒரு மணி நேரம் பழகினேன். மொட்டை பிடி போட ஆரம்பித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் ஞாயிறு மூன்று ஆட்டம் ஜெயித்தேன். “என்னப்பா இது?” என்றாள் சில்வண்டு. “ம்” என்றேன். வட்டம் போடும்போது பேசினால் கை பிசகிவிடும். அடுத்த ஞாயிறு ஐந்து. “அப்பா, லைன்ல இருக்கியா?” என்று நடுவில் கேட்டாள். அதற்கும் “ம்”தான். மூன்றாவது ஞாயிறு ஆடிய ஏழு ஆட்டத்தையும் ஜெயித்தேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தே இருந்தது. நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை, மொட்டையின் வெற்றி நடனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அடுத்த வாரம் வேண்டாம்பா” என்றாள். “வேலை இருக்கு.”

குரலே சரியில்லை. தோற்றதில் பெண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அட முட்டாளே, ஜெயித்துத் தொலைத்துவிட்டாயே, இருந்த ஒரு மணி நேரமும் போச்சே என்று என்னையே திட்டிக்கொண்டேன். வாரம் முழுக்க வேலை ஓடவில்லை. ஒரு வங்கி மேனேஜரின் கால்சட்டைக்கு இரண்டு இடது கால் வெட்டினேன். வெள்ளிக்கிழமை நானே போன் செய்து, வெட்கத்தை விட்டு, “ஒரே ஒரு ஆட்டம் ஆடலாம்மா” என்று கெஞ்சினேன். சரி என்றாள்.

இந்த முறை தோற்றுவிடுவது என்று தீர்மானம். வேண்டுமென்றே தோற்பது தெரிந்துவிடக் கூடாதே என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். மொட்டையைக் கொண்டுபோய்க் குடைக்கு நேரே நிறுத்தினேன். அரை நிமிஷத்தில் மண்ணைக் கவ்வினான். அடுத்த ஆட்டத்திலும் அப்படியே.

“அப்பா, நிறுத்து.”

நிறுத்தினேன்.

“உண்மையைச் சொல்லு. உடம்புக்கு என்ன?”

“எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்.”

“அம்மாகிட்ட மூணு தடவை கேட்டுட்டேன். ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லங்கறா. டாக்டர்கிட்ட போனியா? ரெண்டு பேரும் சேர்ந்து என்கிட்ட எதையாவது மறைக்கறீங்களா?”

“ஏம்மா இப்படியெல்லாம் கேக்கற?”

“ஒரு மாசமா ஆடும்போது நீ ஒரு வார்த்தை பேசல. எருமைன்னுகூட சொல்லல.” மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “கோவமா, இல்ல உடம்புக்கு முடியலையா, என்னன்னே தெரியாம உன்னோட உக்காந்து ஆட முடியலப்பா. அதான் வேண்டாம்னேன்.”

எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்டிக், படிவம், வீடியோ, உள்ளே இழுத்த வயிறு, அந்தச் சீட்டு. அழுகைக்கு நடுவே அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

“எதுக்குப்பா இவ்வளவும்?”

“நீ கொட்டாவி விட்டியே. என்னோட ஆடி ஆடி போரடிச்சுப் போச்சு, விட்டுடுவேன்னு பயந்துட்டேன்டி.”



“எனக்கு சனிக்கிழமை நைட் ஷிஃப்ட்பா. காலையில ஒம்போது மணிக்குத்தான் ரூமுக்கு வருவேன். தூங்கினா எழுந்திருக்க மாட்டேன்னு, முகத்தைக் கழுவிட்டு நேரா வந்து உன்னோட உக்காருவேன்.”

“பைத்தியமா உனக்கு? தூங்க வேண்டியதுதானே? ஒரு வாரம் ஆடலைன்னா என்ன?”

“இங்க எல்லாரும் என்கிட்ட நல்லாத்தான் பேசறாங்கப்பா. மரியாதையா, சிரிச்சு சிரிச்சு. ஆனா ஏய் கழுதைன்னு உரிமையா திட்ட ஒருத்தர் கிடையாது. வாரம் பூரா காது காஞ்சு போயிடுது. நான் ஆடவா வரேன்? நீ திட்டறதைக் கேக்க வரேன்.”

ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணாடி முழுக்க ஈரம், டிவி தெரியவில்லை. என்னவோ ஏதோ என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த வீட்டுக்காரி உள்ளே போய்விட்டாள். மறுபடி காதில் மாட்டியபோது, “பாத்தியா, திரும்பவும் பேசாம இருக்க” என்று சில்வண்டு சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இருடி கழுதை, மூக்கைச் சிந்திட்டு வரேன். வந்து உன் குடையை முறிச்சு அடுப்புல வைக்கறேனா இல்லையா பாரு.”

“வா வா.”

ஒன்பது ஆட்டம் ஆடினோம். அவளையும், அவள் குடையையும், அந்தக் குடையைச் செய்தவனையும் நான் திட்டிய திட்டில் எதிர்வீட்டு ஜன்னல் பாதி ஆட்டத்திலேயே மூடிக்கொண்டது. வாயைத் திறந்ததும் கை பிசகியது. வட்டம் கோணியது. மொட்டை பழையபடி துள்ளித் துள்ளிக் குடைக்குள்ளேயே விழுந்தான். ஒன்பதிலும் தோற்றேன். ஒன்றில்கூட நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பத்தாவது ஆட்டம் தொடங்கித் திட்டியபோது பதில் வரவில்லை. குடைக்காரி அசையாமல் நின்றாள். கூர்ந்து கேட்டேன், சீராக மூச்சு விடுகிற சத்தம். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். மொட்டையால் ஒரே அடியில் குடைக்காரியைச் சாய்த்திருக்கலாம். கையை எடுத்துவிட்டு, அவள் காதில் விழுகிற அளவுக்குக் குரலைத் தணித்துத் திட்டிக்கொண்டே இருந்தேன்.