பகவான் படம்

நாகல் நகரில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒருவர் இறந்துபோன தன் அம்மாவின் போட்டோவைக் கொடுத்து, "கண்ணீர் அஞ்சலி போர்டுண்ணே. மேல பகவான் படம் வைங்க" என்றார். நான் பாட்டுக்குப் பெருமாளை வைத்துவிட்டேன். எந்தப் பகவான் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

போர்டை வாங்க வந்தபோது அவர் விரித்துப் பார்த்து, பெருமாள் மேல் விரலை வைத்தார்.

"நாங்க பௌத்தம்ணே. புத்தரத்தான் பகவான்னு சொல்லுவோம். வரம் குடுக்குற சாமின்னு இல்ல, ஆசைய ஜெயிச்ச மனுசன்னு."

"செத்த நேரம் இருங்க, மாத்தித் தாரேன்."

"மாத்திருங்கண்ணே. பெருமாள் கோயில் வாசல்லயே சாதியச் சொல்லி எங்கம்மாவ நிப்பாட்டிட்டாங்க. அன்னைக்குத்தான் அம்மா பௌத்தத்துக்கு மாறுச்சு."

புத்தரை வைத்து வேறு போர்டு அடித்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு பழையதைக் கிழிக்க எடுத்தேன். பெருமாளின் காலடியில் அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். வேண்டாமென்று அவர் திரும்பி வந்த வாசலில், இறந்த பிறகு அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான்.