சில நேரம்

மணி அடித்ததும் முதலில் செருப்பைக் கழற்றுவாள். வலது கால், பிறகு இடது. இரண்டையும் குதிகாலால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றிய பிறகுதான் தொலைபேசியை எடுப்பாள். இரண்டாவது மணிக்குள் இத்தனையும் முடிந்துவிடும். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

என் தங்கைக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணுக்கு அழைப்பார்கள். மெக்கானிக் போய்ச் சேரும்வரை மாட்டிக்கொண்டவர்களோடு பேசிக்கொண்டிருப்பது அவள் பொறுப்பு. ஒன்பது வருஷமாகப் பேசுகிறாள். செருப்பு உன்னை என்ன செய்தது என்று ஒருமுறை கேட்டேன். "செருப்போட இருந்தா எங்கேயோ கிளம்பப் போற மாதிரி இருக்குண்ணா. அவங்களால கிளம்ப முடியாதில்ல?" என்றாள்.

"பயப்படாதீங்க" என்று அவள் யாரிடமும் சொன்னது கிடையாது. "சொன்னாத்தான் பயமே வரும்" என்பாள். எந்தக் கட்டடம், எந்த மாடி, உள்ளே எத்தனை பேர். அதற்கு அடுத்த கேள்வி, "கையில என்ன வெச்சிருக்கீங்க?" குடை, பூனைக்குட்டி, ஒருமுறை ஒரு முழு ஜன்னல் கண்ணாடி. கையில் இருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தவருக்கு நாலு சுவரும் கொஞ்சம் தள்ளிப் போய்விடும் என்பது அவள் நம்பிக்கை. வீட்டில் இந்தப் பொறுமையில் கால்வாசி கிடையாது. அவள் பேனாவை நான் எடுத்துவிட்டால் வீடே இரண்டாகும்.

போன வருஷம் கம்பெனியில் எல்லோருக்கும் உணர்வறிவு மதிப்பீடு என்று ஒரு தேர்வு வைத்தார்கள். அடுத்தவர் மனசு புரிகிறதா, கோபத்தை அடக்க முடிகிறதா என்று கம்ப்யூட்டரில் நூற்றிருபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள்: ஒருபோதும் இல்லை, அரிதாக, சில நேரம், பெரும்பாலும், எப்போதும். நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே வாங்கியவருக்குத் தொலைபேசி கிடையாது, உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றம்.

என் தங்கை வாங்கியது நாற்பத்தொன்று.

'மற்றவர்களின் உணர்வுகளை நான் புரிந்துகொள்கிறேன்' என்பதற்குச் சில நேரம். முக்கால்வாசிக்கு மேல் அதே மூன்றாவது கட்டம். பக்கத்து நாற்காலிக்காரன் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் 'எப்போதும்' என்று அழுத்தித் தொண்ணூற்றிரண்டு வாங்கினான். அன்றிலிருந்து அவன் பெயரே தொண்ணூத்திரண்டு. மணி அடித்தால் "யாராவது எடுங்கப்பா" என்று கொட்டாவி விடுகிறவன் அவன்தான்.

"நீயும் எப்போதும்னு அழுத்தித் தொலைக்க வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

"அடுத்தவங்க மனசு எப்பவும் புரியும்னு யாருண்ணா சொல்ல முடியும்? புரிஞ்சுடுச்சுன்னு நெனச்சுட்டா, அப்புறம் நான் கேக்கவே மாட்டேனே."

சாப்பிட்ட தட்டை இரண்டு தடவை கழுவினாள்.

மறுநாள் நேராக மேலாளர் அறைக்குப் போயிருக்கிறாள். "கிடங்குக்குப் போறேன் மேடம். அதுக்கு முன்னாடி, மார்க் போட்டவரை அரை நாள் என் பக்கத்துல உக்காந்து கேக்கச் சொல்லுங்க."

மதிப்பீட்டாளரும் வந்தார். நல்ல மனுஷர், கையில் அச்சடித்த தாள். நான் வழக்கம்போல ஒரு மணிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஒன்று பத்துக்கு மணி அடித்தது. செருப்பு மேசைக்கு அடியில் போனது. அவர் கேட்பதற்காக அன்று ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்.

"நாலாவது மாடிக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல தொங்கிட்டிருக்கோம்! நானும் எம் பொண்ணும். ஜாலியாத்தான் இருக்கு, மெதுவாவே வாங்க!" பெரிய சிரிப்பு.

மதிப்பீட்டாளர் தாளில் 'அழைப்பவர்: அமைதி' என்று எழுதியதை எட்டிப் பார்த்தேன்.

"கையில என்ன சார் வெச்சிருக்கீங்க?"

"பாப்பாவுக்கு ஸ்கூல் ஷூ. புதுசு!" மறுபடி சிரிப்பு.

தங்கை குரலைத் தாழ்த்தினாள். "சார், போனைக் காதோட ஒட்டி வெச்சுக்குங்க. இந்தச் சிரிப்பு பாப்பாவுக்காகத்தானே?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. பிறகு கிசுகிசுப்பாக, "மூச்சு முட்டுதும்மா. அவளுக்குத் தெரியக் கூடாது."

"தெரியாது. போனை அவகிட்ட குடுங்க." குரலில் குறும்பு ஏறியது. "பாப்பா, புது ஷூவாமே? லேஸ் யாரு கோக்கப் போறா?"

"எனக்குக் கோக்கத் தெரியாது."

"அப்பாவுக்குத் தெரியும். கீழே உக்காந்து கோக்கச் சொல்லு. ஒவ்வொரு ஓட்டைக்கும் நீ நம்பர் சொல்லணும். அவர் அவசரப்பட்டா எல்லாத்தையும் உருவிட்டு முதல்லேருந்து!"

குழந்தை ஒன்று, இரண்டு என்று அதிகாரம் செய்ய, அப்பாவின் மூச்சு மெல்ல மெல்ல இறங்கி வந்தது. எங்களுக்கே கேட்டது. மெக்கானிக் கதவைத் திறக்க இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. அதற்குள் இரண்டு ஷூவும் தயார்.

மதிப்பீட்டாளர் 'அமைதி'யைக் கோடு போட்டு அடித்தார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கல சார். சந்தேகமா இருந்துச்சு, கேட்டேன். தப்பா இருந்தா திட்டியிருப்பார். வாங்கிக்க வேண்டியதுதான்."

அவர் எழுதிய அறிக்கையை நான் மூன்று முறை படித்தேன். இந்த வேலைக்கு ஆளை எடைபோட வேண்டுமானால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது கடைசி வரி. அப்படித்தான் இப்போது செய்கிறார்கள். அந்த அறைக்கு இன்று அவள்தான் தலைமை. பதினோரு மேசைக்கு அடியிலும் செருப்புகள் கிடக்கின்றன. தொண்ணூத்திரண்டு மட்டும் கொஞ்ச நாள் ஷூவோடு போராடினான். லேஸை அவிழ்ப்பதற்குள் மணி நின்றுவிடுகிறது என்று அவனும் செருப்பு வாங்கிவிட்டான்.

போன வாரம் மதிப்பீட்டாளர் மறுபடி வந்தார், ஒரே கேள்வி உள்ள படிவத்தோடு: 'எங்கள் மதிப்பீடு உங்களுக்குப் பயன்படுகிறதா?' அதே ஐந்து கட்டங்கள். தங்கை நின்றபடியே பேனாவைத் திறந்தாள். அவர் பார்வை ஐந்தாவது கட்டத்திலேயே இருந்தது. அவள் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள், மூன்றாவது கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் போட்டு நீட்டினாள். அப்போது மணி அடித்தது. வலது கால் செருப்பிலிருந்து வெளியே வந்தது.