மூன்று புள்ளியில் நின்ற கைப்பிடி

என் மகள் மாடிப்படித் திருப்பத்தில் நின்று, கீழே வண்டியில் காத்திருந்த தோழியிடம் ஏதோ சொல்வதற்காகக் கைப்பிடியில் சாய்ந்தாள். கைப்பிடி அவளோடு சேர்ந்து போய்விட்டது. எட்டடி உயரம். இடது முன்கையில் எலும்பு இரண்டும் முறிந்தன. தலையில் அடி எதுவும் இல்லை என்று மருத்துவர் சொன்னார். அதை மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னேன். மூன்றாவது முறை அவர் என் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

அப்போது நான் உள்ளறையில் அலுவலக அழைப்பில் இருந்தேன். காதில் ஹெட்செட். அவள் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. தோழி மேலே ஓடிவந்து அறைக் கதவைத் தட்டினாள். அந்த நிமிடம் இன்னும் என்னை விடவில்லை. வீட்டில் ஒரு டம்ளர் கீழே விழுந்தால்கூட இப்போதும் எழுந்து நின்றுவிடுகிறேன்.

திருமுல்லைவாயிலில் எங்கள் வீடு முதல் மாடியில் இருக்கிறது. கரூரிலிருந்து வந்த நாங்கள் ஆசைப்பட்டு வாங்கிய வீடு. படிக்கட்டு வெளிப்புறமாக ஏறும். அதற்கு ஒன்பது கம்பங்கள் வைத்த எவர்சில்வர் கைப்பிடி. விற்றவர் அதைத்தான் பெருமையாகக் காட்டினார், நாங்களும் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆடி பிறப்பதற்குள் எலும்பு கூடிவிட்டது. எனக்குத்தான் எதுவும் கூடவில்லை. அவள் கல்லூரிக்குக் கிளம்பும்போது வாசலில் போய் நிற்பேன். திரும்பி வரும் நேரத்துக்கு முன்பே நிற்பேன். அவள் சுவரை ஒட்டி, ஒரு கையால் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே ஏறுவாள், இறங்குவாள். கைப்பிடிப் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். குழந்தை இவ்வளவு பயந்துபோயிருக்கிறாளே என்று உள்ளுக்குள் கரைந்துகொண்டிருந்தேன். அவள் பழையபடி அந்தக் கைப்பிடியைப் பிடித்து ஏறுகிற நாளில் என் படபடப்பும் அடங்கிவிடும் என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

ஆனால் இந்தக் கைப்பிடியைப் பிடி என்று நான் அவளிடம் எந்தத் தைரியத்தில் சொல்வது?

அவள் விழுந்த மறுவாரம், அம்பத்தூரில் சிறிய பட்டறை வைத்திருக்கும் வெல்டர் ஒருவரை என் கணவர் அழைத்துவந்திருந்தார். முப்பது வயது இருக்கும். பிடுங்கிக்கொண்டு வந்த கம்பத்தை அவர் மடியில் போட்டு, அடியிலிருந்த கிண்ணம் போன்ற மூடியை மேலே தள்ளிக் காட்டினார். அந்த மூடியைக் கப் என்கிறார்கள். கம்பமும் அடித்தகடும் சேரும் இடத்தை அது மறைத்துவிடும்.

“இத்த பாத்தியா யக்கா? மூணு டாக். சுத்தி அடிக்கவே இல்ல. கப்ப எறக்கி வுட்டு, மேல பஃப் போட்டு பளபளன்னு குட்துட்டுப் போய்க்கிறான்.”

அடிப்பது என்றால் அவர் பேச்சில் பற்றவைப்பது. டாக் என்பது, முழுதாகப் பற்றவைப்பதற்கு முன் கம்பம் நகராமல் இருக்க வைக்கிற புள்ளி. தையலுக்கு முன் குண்டூசி குத்துவதுபோல. எங்கள் கைப்பிடியைச் செய்தவர் குண்டூசி குத்தியதோடு எழுந்து போய்விட்டார். ஒன்பது கம்பங்களும் அப்படித்தான் இருந்தன. நான்கு வருடமாக நாங்கள் அதில் சாய்ந்தும், துணி உலர்த்தியும், பொங்கலுக்கு மாவிலை கட்டியும் வாழ்ந்திருக்கிறோம்.

அன்றே திருப்பத்தில் இருந்த மூன்று கம்பங்களை அவர் முழுச் சுற்றும் பற்றவைத்தார். அவர் கொடுத்த முகக்கவசத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். முடித்ததும் கப்பை இறக்கினார். இறங்கிய உடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொன்னேன். காட்டினார். இறக்கினார். மறுபடி கேட்டேன். மூன்றாம் முறை அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னா யக்கா, தொட்டில்ல கீற கொயந்தய பாக்குற மாரி பாத்துகினே கீற. நீயே அட்ச்சாதான் நம்புவ போலக்கீதே.”

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். மீதி ஆறு கம்பங்களை அப்படியே விட்டு, சவுக்குக் கம்புகளை முட்டுக்கொடுத்துக் கட்டிவைக்கச் சொன்னேன். என் கணவர், அவரே எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் போகட்டுமே, அரை நாள் வேலைதானே என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வெல்டர் ஒரு நிபந்தனை போட்டார். முதலில் துண்டுக் குழாயில்தான் பழக வேண்டும். குழாயைத் தகட்டில் பற்றவைத்து, குழாயைச் சுத்தியலால் அவர் அடிப்பார். குழாய் வளையலாம், பற்று விடக் கூடாது. அதில் தேறாமல் படிக்கட்டில் கைவைக்கக் கூடாது.

டிக் வெல்டிங் என்று நான் இணையத்தில் படித்ததை எங்கள் பக்கத்தில் ஆர்கான் வெல்டிங் என்றுதான் சொல்கிறார்கள். ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய சின்ன மிஷின் ஒன்றை வெல்டரே பார்த்துக்கொடுத்தார். ஆர்கான் சிலிண்டர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது, எதிர்வீட்டு அம்மா கோலப்பொடியைக் கையில் வைத்துக்கொண்டே, “என்ன மேடம், பலூன் வியாபாரமா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். வேறு என்ன சொல்வது?

சனி, ஞாயிறு மதியங்களில் கீழே கார் நிறுத்தும் இடம்தான் என் பட்டறை. தடித்த தோல் ஜாக்கெட், கையுறை, முகக்கவசம். வலது கையில் டார்ச். அதன் நுனியில் பென்சில்போலச் சீவிய டங்ஸ்டன் கம்பி. இடது கையில் உருக்கிச் சேர்க்கும் கம்பி. பொத்தானை அழுத்தியதும் டங்ஸ்டன் முனைக்கும் தகட்டுக்கும் நடுவே நெருப்பு நிற்கும். தகட்டில் ஒரு பொட்டு அளவுக்கு உலோகம் உருகி மினுங்கும். அந்தப் பொட்டை மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும். அவ்வப்போது இடது கைக் கம்பியை அதில் தொட்டு எடுக்க வேண்டும். டங்ஸ்டன் முனை மட்டும் பொட்டைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் முனை கெட்டுவிடும். நிறுத்தி, கழற்றி, மறுபடி சீவி, மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

முதல் நாள் நான் பற்றவைத்த நேரத்தைவிடச் சீவிய நேரம்தான் அதிகம். பக்கத்தில் போனால்தான் காரியம் நடக்கும், தொட்டால் கெட்டுவிடும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. டார்ச்சை நான் பிடித்திருந்த பிடியைப் பார்த்த வெல்டர், “மூச்ச வுடு யக்கா, அது எங்கியும் ஓடாது” என்றார்.

மூன்று வாரத்தில் கை கொஞ்சம் படிந்தது. தட்டையான தகட்டில் ஒழுங்கான கோடு வந்தது. பிறகு குழாய். அதிலும் பொன்னிறமாக ஒரு சுற்று வந்த அன்று, அந்தத் துண்டை எடுத்துவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேனா ஸ்டாண்டுக்கு ஆகும் என்றாள்.

அதற்கடுத்த சனிக்கிழமைதான் எல்லாம் கெட்டது. பற்று கறுத்துப்போய், இட்லியை உடைத்த மாதிரி பொத்தல் பொத்தலாக வந்தது. மறுநாளும் அப்படியே. குழாயை எத்தனை முறை துடைத்தாலும், எந்தக் கம்பியை மாற்றினாலும் அதேதான். வெல்டரிடம் தொலைபேசியில் கேட்டேன். காத்து அடிக்குதா என்று கேட்டார். உருகும் இடத்தின்மேல் ஆர்கான் போர்வைபோலப் படுத்திருக்க வேண்டும். காற்று அதைக் கலைத்தால் பற்றில் பொத்தல் விழும். அப்போதுதான் பின்கழுத்தில் ஜில்லென்று பட்டது நினைவுக்கு வந்தது. கடற்கரைக்கு வெகு மேற்கே இருக்கிற எங்களுக்குக் கடல்காற்று வந்துசேரச் சாயந்திரம் ஆகிவிடும். இந்த வருடம் இரண்டு மணிக்கே வந்துவிட்டது போலிருக்கிறது என்று எண்ணி, வாசல் கேட் முழுக்கத் தார்ப்பாய் கட்டினேன். அப்படியும் கறுப்புதான்.

அடுத்த ஞாயிறு வெல்டரே வந்தார். என் துண்டுகளில் ஒன்றைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். பற்று பிஸ்கட் மாதிரி விட்டுவிட்டது. என் மகள் ஏறி இறங்கும் படியில் இதையா வைக்கப் பார்த்தேன்? தன் முன்னால் ஒன்று அடித்துக் காட்டச் சொன்னார். அடித்தேன். பொன்னிறமாக வந்தது. அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. நல்லாத்தான் அடிக்கிற என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் வண்டி தெருமுனை தாண்டியதும் இன்னொன்று ஆரம்பித்தேன். பின்கழுத்தில் ஜில்லென்றது. பற்று கறுத்தது.

இந்த முறை நெருப்பு அணைந்த அதே நொடியில் முகக்கவசத்தைத் தூக்கிப் பின்னால் பார்த்தேன்.

படிக்கட்டின் மூன்றாம் படியில் மேஜை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து நீளமாக ஒயர் இழுத்திருந்தது. அதற்கு மேல் படியில் மடியில் புத்தகத்தோடு என் மகள். என் முதுகைக் குறிபார்த்து விசிறியை வைத்திருந்தாள். அவசரமாக அணைக்கப் பார்த்தாள், முடியவில்லை. மிஷின் இரைச்சலில் இத்தனை நாளும் எனக்கு அது கேட்கவே இல்லை. நெருப்பு அணையும்போதெல்லாம் அவளும் விசிறியை நிறுத்தி மறைத்திருக்கிறாள். வெல்டர் இருந்தபோது வெட்கப்பட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

“எத்தனை நாளா இது?”

“ரெண்டு வாரமா. சொன்னா படியில ஒயர் போட்டிருக்கேன்னு நீ கத்துவ. அந்த ஜாக்கெட்டைப் போட்டுட்டு ஊத்தி ஊத்தி வேர்க்குது உனக்கு. மயங்கி விழுந்துட்டன்னா?”

“அதெல்லாம் விழமாட்டேன்.”

“யார் சொல்றதுன்னு பாரு.”

அப்புறம்தான் கவனித்தேன். அவள் உட்கார்ந்திருந்தது தரைக்குப் பக்கத்துக் கீழ்ப்படி ஒன்றில்தான். ஆனால் முதுகை முழுதாக, சவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கைப்பிடிக் கம்பத்தில் சாய்த்திருந்தாள். ஒரு கை அதைச் சுற்றிப் பிடித்திருந்தது. நீ இதைத் தொடவே மாட்டாயே என்று கேட்டேன்.

அவள் புத்தகத்தை மூடினாள். “நீ பாக்கும்போது தொட மாட்டேன். அந்தப் பக்கம் கை போனாலே உன் மூஞ்சி போற போக்கைப் பாக்க முடியலம்மா. அதான் சுவரோரமா போறேன். எனக்கு எப்பவோ சரியாயிடுச்சு.”

நான் கையுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு கையுறையைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது. இத்தனை மாதமாக நான் அவளுடைய பயம் என்று பார்த்துக்கொண்டிருந்தது என்னுடைய பயத்தை. அவள் அதை மாடியேறும்போதெல்லாம் பத்திரமாகச் சுவரோரமாகச் சுமந்துகொண்டு போயிருக்கிறாள். இப்போது விசிறியோடு உட்கார்ந்து என்னைக் காவலும் காத்திருக்கிறாள். இது யாரிடம் கற்றது என்று கேட்கவே வேண்டாம்.

ஆர்கான் கலைகிற கதையை அவளிடம் சொன்னேன்.

“அப்ப ரெண்டு வாரமா நான்தான் கெடுத்தேனா?”

“ஆமா.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும். எதிர்வீட்டு அம்மா தார்ப்பாய்க்கு மேலாக எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, இன்னொரு குழாயை எடுத்தேன். வேர்வை கண்ணில் இறங்கியது. பொன்னிறமாக வந்தது.

புரட்டாசியில் வெல்டர் என் துண்டைச் சுத்தியலால் அடித்தார். குழாய் தலைசாய்ந்து தகட்டைத் தொட்டது. பற்று விடவில்லை. பிறகு காற்று எழும்பாத காலை நேரங்களில், தகரத் தடுப்பு வைத்துக்கொண்டு, ஆறு கம்பங்களையும் ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன். ஒரு சுற்றை ஒரே மூச்சில் எட்ட முடியாது. கால் சுற்று, நகர்ந்து உட்கார்ந்து அடுத்த கால் சுற்று. ஐந்தாவதாக அடித்த கம்பம் எனக்குப் பிடிக்கவில்லை. அரைத்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன்.

வெல்டர் வந்து ஒவ்வொன்றின் அருகிலும் குந்தி உட்கார்ந்து, விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தார். ஆறாவது கம்பத்திடம் எழுந்து நின்று, தன் முழு பாரத்தையும் போட்டு வெளிப்பக்கமாக ஆட்டினார்.

“நல்லா கீதுக்கா. கப்ப எறக்கிடவா?”

நானே இறக்குகிறேன் என்றேன். என் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசி மூடியை இறக்கியதும் அவர், இன்னொரு தபா தூக்கிக் காட்டவா என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் தம்பி என்றேன். சவுக்குக் கம்புகளை அவரே வண்டியில் கட்டி எடுத்துப்போனார். மகள் அன்று கல்லூரியில் இருந்தாள். நான் தனியாகத் திருப்பத்தில் நின்று, எல்லோரும் சாய்கிற மாதிரி சாய்ந்து பார்த்தேன். முதலில் கை மட்டும். பிறகு இடுப்பு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று மகள் மடித்த குடையோடு கிளம்பினாள். நான் அடுப்பின் முன் நின்றிருந்தேன். வாசலுக்குப் போக வேண்டும் என்று கால் பரபரத்தது. போகவில்லை. அவள் குடையின் முனையால் கைப்பிடிக் கம்பங்களைத் தட்டிக்கொண்டே இறங்கினாள். டங். டங். டங். ஒவ்வொன்றாக எண்ணினேன். ஏழு வரை கேட்டது. அதற்குள் குக்கர் விசில் அடித்துவிட்டது.