வெள்ளை கலந்த கருஞ்சிவப்பு

செம்மண்டலத்தில் மாடல் கார்களுக்கு எனாமல் பெயிண்ட் அடிக்கும் அந்த ஆள் என்னை ஏமாற்றிவிட்டார்.

என் பழைய காரைப் பண்ருட்டிக்காரர் ஒருவருக்கு விற்பது என்று முடிவானது. ஞாபகத்துக்கு இருக்கட்டுமே என்று, அதே காரின் உள்ளங்கை அளவு மாடலை வாங்கி, அதே கருஞ்சிவப்பு அடிக்கச் சொல்லி அவரிடம் கொடுத்தேன். ஒல்லியான ஆள். மூக்கு நுனியில் எப்போதும் பெயிண்ட். நிறம் பார்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வார். என் கண்ணெதிரிலேயே கருஞ்சிவப்பில் வெள்ளையை ஊற்றிக் கலக்கினார்.

“என்னாய்யா பண்ற?” என்று கத்தினேன்.

“சின்ன வண்டிக்கு அதே கலர அடிச்சா கருப்பாத் தெரியும் சார். தூரத்துலேந்து பாத்தா என்னா கலரோ, அதத்தான் அடிக்கணும்.”

ஏர்பிரஷ்ஷில் அடித்தார். மறுநாள் காய்ந்ததும் என் காரைத் தெருக்கோடியில் நிறுத்தச் சொல்லி, மாடலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஒத்தக் கண்ண மூடிப் பாருங்க.”

இருவரும் மூடினோம். பைக்கில் போன ஒருவன், “ரெண்டு பெருசும் நடுரோட்டுல கண்ணடிக்குதுடா!” என்று கூவினான்.

நிறம் அச்சாக ஒத்துப்போனது. அவரைக் கட்டிப்பிடித்தேன்.

இப்போது கார் பண்ருட்டியில். மாடல் என் டிவி பக்கத்தில்.

“செவப்புக் கார வித்துட்டு ரோஸ் காரா வாங்கியாந்தீங்க?” என்கிறாள் மனைவி. சிதம்பரத்திலிருந்து மச்சான் பஸ் ஏறி வந்து சிரித்துவிட்டுப் போனான். தெருக்கோடியில் நிறுத்தி ஒத்துக் காட்ட என்னிடம் கார் இல்லை.

பெயிண்ட்காரரே, ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வாரும். தெருவையே கூட்டி வைக்கிறேன். இது கருஞ்சிவப்பா, ரோஸா? எல்லார் முன்னாலும் பதில் சொல்லும்.